ஒரு கையில் வாள், ஒரு கையில் குதிரை

பிரான்ஸில் லுவார் ஆற்றங்கரையில் இருக்கும் சோமூர், 18ஆம் நூற்றாண்டிலிருந்தே குதிரைப்படை வீரர்கள் பயிற்சி பெற்ற ஊர். அங்கே பழைய குதிரை லாயங்களில் ஒரு குதிரைப்படை அருங்காட்சியகம் இருக்கிறது. மன்னர் ஏழாம் சார்லஸ் 1445இல் அமைத்த நிலையான படைப்பிரிவுகளில் தொடங்கி, குதிரை போய் டாங்கி வந்த காலம் வரை அதன் கதை நீள்கிறது. இதுபோன்ற இடங்களில் எல்லோர் கண்ணும் வாள் மீதும் மார்க்கவசம் மீதும்தான் போகும். என்னைக் கேட்டால், நின்று பார்க்க வேண்டியது கடிவாள இரும்பு.

வீரனின் வலது கையில் வாள். 500 கிலோ மிருகத்தை அடக்க மிச்சமிருப்பது இடது கை ஒன்றுதான். இதை எப்படிச் சமாளித்தார்கள்?

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. கடிவாள இரும்பு உட்காருவது அங்கேதான், மென்மையான ஈறின் மேல். படைக் கடிவாளத்தில் இந்த இரும்பின் இரு முனையிலும் செங்குத்தாக ஒரு தண்டு இருக்கும். மேல்முனையிலிருந்து தாடைக்கு அடியில் ஒரு சங்கிலி ஓடும், கீழ்முனையில் வார். வாரை இழுத்தால் தண்டு சுழலும், சங்கிலி தாடையை இறுக்கும். நெம்புகோல்தான், வேறொன்றுமில்லை. தண்டின் மேல்பகுதி 5 செ.மீ., கீழ்ப்பகுதி 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ இழுவைக்குச் சங்கிலியில் இரண்டு கிலோ விசை வரும். இரண்டும் சேர்ந்து வாய்க்குள் மூன்று கிலோ. தண்டின் கீழ்ப்பகுதி நீள நீள விசை ஏறும். முரட்டுக் கை என்றால் ஈறு புண்ணாகிவிடும்.

அதனால் தேர்ந்த வீரன் வாரை அதிகம் இழுப்பதில்லை. உட்காரும் விதத்தாலும் கால்களாலும்தான் குதிரையோடு பேசுகிறான். சும்மா நிற்கும் குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில் இருக்கும். ஆள் ஏறினால் முன்பக்கம் இன்னும் பாரமாகும். சண்டைக்கு நடுவே சட்டென்று நிற்கவும் திரும்பவும் வேண்டுமென்றால் பாரம் பின்னால் போக வேண்டும். பின்னங்கால்களை உடலுக்கு அடியில் கொண்டுவந்து இடுப்பைத் தாழ்த்தக் குதிரைக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். இதற்கு வருடக்கணக்கில் ஆகும். சேணமும் ஒத்துழைக்க வேண்டும்: அதன் உள்சட்டம் ஆளின் பாரத்தை முதுகெலும்பில் விழவிடாமல் இருபக்கத் தசைகளிலும் பரப்புகிறது. கால் வைக்கும் அங்கவடியோ, வீரன் பக்கவாட்டில் சாய்ந்து வெட்டும்போது விழாமல் தாங்குகிறது.

சோமூரின் கருஞ்சீருடைக் குதிரையேற்றக் குழுவான 'காத்ர் நுவார்' இந்தப் பயிற்சியை உச்சத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது. இவர்களின் துள்ளல் குதிரைகளுக்கு அங்கவடியே கிடையாது. இந்தக் குழுவோடு நெருங்கிய பிரெஞ்சுக் குதிரையேற்ற மரபை 2011இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. குதிரை எகிறி அந்தரத்தில் பின்னங்கால்களை உதறும் துள்ளல், எதிரிகளை விரட்டப் போர்க்களத்தில் பிறந்தது என்று சொல்வார்கள். எனக்கு அது அவ்வளவாக நம்பிக்கையில்லை. ஈட்டிக்காரர்கள் நடுவே குதிரையின் வயிற்றைக் காட்டித் துள்ள எந்த வீரன் துணிவான்?