வரப்புக்கு இலவச மரக்கன்று: அந்த ஏழு ரூபாய் யாருக்குக் கிடைக்கும்?

ஐப்பசியில் நாலு மழை விழுந்துவிட்டால் போதும், நம்ம பக்கத்து வேளாண்மை அலுவலகங்களில் "கன்னு வந்துட்டா சார்?" என்ற விசாரிப்பு ஆரம்பித்துவிடும். தமிழக அரசின் நீடித்த பசுமைப் போர்வை இயக்கம் என்ற திட்டத்தில் வரும் கன்று அது. 2021-22இல் தொடங்கியது. பதிவு வேளாண்மைத் துறையில். கன்று வனத்துறை நாற்றங்காலில் இருந்து வரும். காசு கிடையாது.

வரப்பில் மட்டும் நட்டால் ஏக்கருக்கு 50 கன்று. நிலம் முழுக்க இடைவெளி விட்டு நட்டால் 160. தேக்கு, மகோகனி, வேங்கை, வேம்பு, புங்கம், நாவல் என்று நாற்றங்காலில் இருப்பதைப் பொறுத்துக் கிடைக்கும். உழவன் செயலியில் நீங்களே பதியலாம். அது சரிப்படவில்லையா, ஆதார், சிட்டா, பாஸ்புக் நகலோடு வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது ஊக்கத்தொகையை. இரண்டாம் ஆண்டிலிருந்து நான்காம் ஆண்டு வரை, உயிரோடு நிற்கும் கன்று ஒன்றுக்கு ஆண்டுக்கு 7 ரூபாய், மொத்தம் 21 ரூபாய். வாங்கிய கணக்குக்கு இல்லை, நிற்கிற கணக்குக்கு. ஐம்பதும் பிழைத்தால் ஆண்டுக்கு 350 ரூபாய்.

எங்கே பிழைக்கிறது? சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் சித்தப்பா வரப்பில் ஐம்பது தேக்கு வைத்தார். பிசானம் (எங்கள் பக்கத்து மழைக்கால, பனிக்கால நெல்) அறுத்ததும் வழக்கம்போல வயலில் ஆட்டு மந்தையை அடைத்துக் கிடை போட்டார்கள். உரத்துக்குக் கிடை, கிடைக்குத் தேக்குக் குருத்து! எண்ணிப் பார்த்தபோது 31தான் நின்றது. 217 ரூபாய். "டீ செலவுக்கு ஆச்சுடே" என்று சிரித்தார். மறு வருஷம் உடைமுள் வெட்டி ஒவ்வொரு கன்றையும் சுற்றி அடைத்த பிறகுதான் மிச்சம் தப்பித்தது. அறுபது வயதில் அவர் தேக்கு வைத்தது பேத்திக்காக. ஏழு ரூபாயை நம்பி இல்லை.

இன்னொன்று, நிழல். பிசானப் பருவத்தில் வெயில் தெற்கிலிருந்து சாய்ந்து விழும், மர நிழல் வடக்கே போகும். வடக்கு வரப்பில் மரம் வைத்தால் உங்கள் நெல்லுக்கு நிழல் தட்டாது. ஆனால் வடக்கே இருக்கிற வயல்காரர் சண்டைக்கு வருவார். முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அங்கே வாய்க்காலோ வண்டிப்பாதையோ இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

சந்தனம் கேட்பவர்களுக்கு: பட்டா நிலத்தில் வளர்க்கலாம், ஆனால் நினைத்த நேரத்தில் வெட்டி விற்க முடியாது, வனத்துறை வழியாகத்தான் போக வேண்டும். பனைக்குத் தனித் திட்டம் உண்டு, தோட்டக்கலைத் துறையில் கேளுங்கள். கன்று வைக்க இடம் வேண்டுமென்று வரப்பில் நிற்கும் பனையில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள். அதை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும்.