நினைவகக் குச்சியும் கறுவாப்பட்டையும்

போன மாதம் பரந்தனிலிருந்து ஓர் ஐயா பழைய கொம்பியூட்டரை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு என் திருத்துமேசைக்கு வந்தார். மகன் எழுதிக் கொடுத்த துண்டில் ‘நினைவகக் குச்சி, 8 ஜிபி’ என்றிருந்தது. துண்டைப் பார்த்த கடைக்காரர் பென் டிரைவ் ஒன்றைக் கொடுத்துவிட்டார். “தம்பி, இதைச் செருகியும் மிசின் ஆமை மாதிரித்தான் போகுது” என்றார் ஐயா.

கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். குச்சிபோல இருப்பது பென் டிரைவ்தானே! பெடியனும் எங்கோ வாசித்த மொழிபெயர்ப்பைத்தான் எழுதியிருக்கிறான். கேட்டது ராம், மிசின் வேலை செய்யும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்.

நினைவகம் நல்ல சொல். நினைவு, அகம், அவ்வளவுதான். ‘குச்சி’தான் ஆங்கில ‘ஸ்டிக்’கின் நிழல். ஆங்கிலத்திலும் அது பட்டறைப் பேச்சு. ஏட்டுப் பெயர் ‘டிம்’, அதாவது இருவரிசை நினைவகக் கூறு. அதற்கு முந்தியது ‘சிம்’, ஒற்றைவரிசைக் கூறு. கைபேசி சிம் வேறு.

ஆங்கிலக்காரர் தட்டையான சூயிங்கத்தையும் ஸ்டிக் என்பார், வெண்ணெய்க் கட்டியையும் ஸ்டிக் என்பார். நாங்கள் வெண்ணெய்க் குச்சி என்போமா? நெருப்புக்குச்சி, பல்லுக்குத்தும் குச்சி என்று எங்கள் குச்சி மெலிந்தது, ஒடிவது. ஐஸ்பழக் குச்சி தட்டைதானே என்று நண்பர் ஒருவர் மடக்கினார். சரி, அது ஒன்று. அதற்காக அடிமட்டத்தைக் குச்சி என்பாரா அவர்?

‘நினைவகச் சில்லு’ என்பார் இன்னும் சிலர். வன்னியில் சில்லு என்றால் சைக்கிளில் சுற்றுவது. ‘அட்டை’ கைபேசிக்குள் போடுவதற்குப் போய்விட்டது. ‘தகடு’ என்றால் மந்திரித்துக் கட்டுவதா என்று கேட்பார்கள். நான் ‘நினைவகப் பட்டை’ என்று எழுதுகிறேன். நீளம், தட்டை, மெல்லிசு, மூன்றும் அதில் வந்துவிடுகின்றன. பேச்சில் ‘ராம்’ என்றே சொல்லுங்கள், குறைந்துவிட மாட்டோம்.

இதைவிட எரிச்சல் ‘நினைவகக் கலப்பு’. பாலில் தண்ணீரா கலக்கிறோம்? வேறு வேறு ராம்களைச் சேர்த்துப் போடுவது வண்டிலில் சோடி சேராத மாடுகளைப் பூட்டுவது மாதிரி. மெதுவான மாட்டின் நடைதான் வண்டிலின் நடை. 1333 வேகத்து ராமையும் 1600 வேகத்து ராமையும் பூட்டினால் இரண்டும் 1333இல்தான் ஓடும். ஆகவே ‘சோடி சேர்த்தல்’ என்றால் வன்னியில் எவருக்கும் விளங்கும். மொழிபெயர்க்கிறவர்கள் ஒருநாளாவது பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு எழுதினால் என்ன?

ஐயாவின் பெட்டியில் 2 ஜிபி டிடிஆர்3, அதாவது மூன்றாம் தலைமுறை ராம், ஒன்று கிடந்தது. அதற்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்4 சேராது. டிடிஆர்3இல் 240 மின்தொடுமுனைகள், டிடிஆர்4இல் 288. அடிவிளிம்பில் உள்ள வெட்டும் இடம் மாறும். நெரித்து ஏற்றினால் அதைச் செருகும் தாய்ப்பலகைக்குத்தான் கேடு. என்னிடம் கிடந்த 4 ஜிபி டிடிஆர்3 ஒன்றை எடுத்தேன். வயரைக் கழற்றி, பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பின் மின்னை இறக்கி, வெட்டைப் பொருத்தி இரண்டு முனையிலும் பெருவிரலால் அழுத்தினேன். ‘டக்’கென்று கொளுவிகள் மூடின.

ஐயா குனிந்து பார்த்தார். “இதுக்கு என்ன பேர், தம்பி?”

“பட்டை, ஐயா.”

“கறுவாப்பட்டையோ?” என்று சிரித்துவிட்டு, மகனின் துண்டில் ‘குச்சி’யை வெட்டி எழுதத் தொடங்கினார்.