யூரின் ரிப்போர்ட்டில் 'கன்டாமினேஷன்' என்று வந்தால்

யூரின் கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டில் 'கன்டாமினேஷன், மறுபடி சாம்பிள் அனுப்பவும்' என்ற வரியைப் பார்த்ததும் பலர் பதறிப்போகிறார்கள். சென்னையில் ஒரு லேபில் நுண்ணுயிரியல் மருத்துவராக இருக்கிறேன். "மேடம், கிருமி கிட்னி வரைக்கும் போயிடுச்சா?" என்று போன் வராத வாரமே இல்லை. சிலர் அதற்குள் மருந்துக்கடையில் ரிப்போர்ட்டைக் காட்டி ஆன்டிபயாட்டிக் வாங்கி இரண்டு வேளை போட்டும் இருப்பார்கள். அதுதான் எனக்குக் கவலை.

தொற்று இருக்கிறது என்றோ, இல்லை என்றோ அந்த வரி சொல்லவில்லை. சாம்பிளில் வெளிக்கிருமி கலந்துவிட்டது, இதை வைத்து முடிவு சொல்ல முடியாது. அவ்வளவுதான் அதன் பொருள்.

அதை எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே பிடிக்கும் சின்ன வளையத்தால் சிறுநீரைத் தொட்டு, கிருமி வளர்க்கும் தட்டில் தேய்த்து, 37 டிகிரி சூட்டில் ஓர் இரவு வைக்கிறோம். மறுநாள் 100 புள்ளிகள் முளைத்திருந்தால் மில்லிக்கு ஒரு லட்சம் கிருமி என்று கணக்கு. இந்த ஒரு லட்சத்தைத்தான் தொற்றுக்கான எல்லையாக வைத்திருக்கிறோம்; அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் காஸ் 1950-களில் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது இது. எரிச்சல், காய்ச்சல் இருந்தால் இதைவிடக் குறைந்த எண்ணிக்கையையும் நாங்கள் ஒதுக்குவதில்லை. உண்மையான தொற்றில் பெரும்பாலும் ஒரே வகைக் கிருமிதான் தட்டு முழுக்க இருக்கும். குடலில் வாழும் ஈ.கோலை கிருமி என்றால் 'மெக்கான்கி' என்ற வகைத் தட்டில் ஒரே மாதிரி ரோஸ் நிறப் புள்ளிகள். வெள்ளையும் சாம்பலுமாக, பெரிதும் சிறிதுமாக மூன்று நான்கு வகை கலந்து கிடந்தால், தோலில் இயல்பாக இருப்பவை பாட்டிலுக்குள் வந்துவிட்டன என்றுதான் முதலில் நினைப்போம்.

அடுத்தது நம்ம ஊர் வெயில். காலை ஏழு மணிக்குப் பிடித்த சாம்பிளை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்து, பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு, பத்து மணிக்குக் கொண்டுவந்து தருகிறார்கள். சூடும் சத்தும் வசதியாகக் கிடைத்தால் ஈ.கோலை சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அந்த வேகத்தில் மூன்று மணி நேரத்தில் ஒன்று 512 ஆகிவிடும். எண்ணிக்கையை நம்பித்தான் முடிவு சொல்கிறோம் என்பதால் இந்தத் தாமதம் எல்லாவற்றையும் குழப்பிவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் கொடுங்கள். முடியாது என்றால் ஒரு கவரில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீஸரில் வேண்டாம். எப்படியும் 24 மணி நேரம் தாண்டக் கூடாது.

பிடிக்கும் முறைக்கு வருவோம். கையைக் கழுவி, அந்த இடத்தைத் தண்ணீரால் சுத்தம் செய்யுங்கள். பெண்கள் முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் பாட்டிலில் பிடியுங்கள். மூடியின் உள்பக்கத்தில் விரல் படக் கூடாது. லேபில் தரும் பாட்டில்தான் வேண்டும். டானிக் பாட்டிலை வெந்நீரில் கழுவிக் கொண்டுவந்து, "நல்லா கழுவிட்டேன்மா" என்று அக்கறையோடு நீட்டும் பெரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பது சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேறு வழியில்லை. கைக்குழந்தைகளுக்கு ஒட்டுப் பையில் பிடித்த சாம்பிளில் கலப்படம் அதிகம். வேறு எப்படி எடுக்கலாம் என்று டாக்டரைக் கேளுங்கள். சிறுநீர் டியூப் போட்டிருப்பவர்களுக்கு, அதோடு இணைத்த பையிலிருந்து எடுத்து அனுப்பவே கூடாது.

ரத்தக் கல்ச்சரிலும் இதே தொல்லை உண்டு. "ஏன் ரெண்டு இடத்துல குத்துறாங்க?" என்று உறவினர்கள் கோபப்படுகிறார்கள். தோலில் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி ஒரு குத்தில் மட்டும் வளர்ந்தால், அது பெரும்பாலும் ஊசியோடு வந்தது என்று பிரித்துச் சொல்ல அந்த இரண்டாவது குத்துதான் உதவுகிறது. தயவுசெய்து தடுக்காதீர்கள்.

ஆன்டிபயாட்டிக்கின் முதல் மாத்திரைக்கு முன்பே சாம்பிளைக் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் மாத்திரையின் பெயரை லேபில் சொல்லுங்கள். குளிர் காய்ச்சலோ விலாப்பக்க வலியோ இருந்தால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள். கர்ப்பிணிகள் மட்டும் 'எனக்கு எரிச்சல் ஒன்றும் இல்லையே' என்று மறு சாம்பிளைத் தள்ளிப்போட வேண்டாம். கர்ப்பக் காலத்தில் அறிகுறியே இல்லாத சிறுநீர்த் தொற்றுக்கும் மருந்து தேவை.