பி.எம். கிசான் பணம் நின்றுவிட்டதா? எந்த ஆபீசுக்குப் போவது என்று முதலில் பாருங்கள்

பி.எம். கிசான் என்பது விவசாயிகளுக்கு மத்திய அரசு கொடுக்கும் உதவித்தொகை. சொந்தப் பேரில் சாகுபடி நிலம் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒரு தவணையாக 2,000. திட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். பணம் நின்றுபோனால்தான் அலைச்சல் தொடங்குகிறது. வேளாண்மை ஆபீசில் கேட்டால் வி.ஏ.ஓ.வைப் பாருங்கள் என்பார்கள், வி.ஏ.ஓ. பேங்கில் கேளுங்கள் என்பார், பேங்கில் எங்களிடம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவார்கள். 2,000 ரூபாய் தவணைக்காக நான்கு நாள் கூலியை இழந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

எங்கும் கிளம்புவதற்கு முன் பி.எம். கிசான் இணையதளத்தில் ‘உங்கள் நிலையை அறிய’ என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். பதிவு எண் மறந்திருந்தால் ஆதார் எண்ணைக் கொடுத்தே எடுக்கலாம். அந்தப் பக்கத்தில் மூன்று வரிகள் முக்கியம்: நில இணைப்பு, இ-கேஒய்சி (ஆதார் மூலம் ஆளைச் சரிபார்ப்பது), ஆதார்-வங்கி இணைப்பு. மூன்றுக்கும் ‘ஆம்’ என்று இருந்தால்தான் பணம் வரும். எதற்கு ‘இல்லை’ என்று இருக்கிறதோ அதற்குரிய ஆபீசுக்கு மட்டும் போனால் போதும். பக்கத்தைப் பிரின்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தைக் காட்டிக் கேட்பவரை ‘அங்கே போங்க’ என்று சொல்லித் திருப்பி அனுப்புவது அவ்வளவு எளிதல்ல.

இ-கேஒய்சி மூன்றில் சுலபமானது. ஆதாரோடு இணைந்த செல்போன் கையில் இருந்தால் ஓடிபி போட்டு வீட்டிலேயே முடிக்கலாம். அந்த நம்பர் இப்போது இல்லையென்றால் பொது சேவை மையத்தில் கைரேகை வைக்க வேண்டும். மண்வெட்டி பிடித்தும் நாற்று நட்டும் தேய்ந்துபோன விரலில் ரேகை விழாது. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு ‘மெஷின் எடுக்கல, நாளைக்கு வாங்க’ என்பார்கள். நாளைக்கும் அதே விரல்தானே. முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் வசதி 2023 ஜூன் முதல் பி.எம். கிசான் செயலியில் இருக்கிறது, அதைக் கேளுங்கள். கூடவே ஆதார் ஃபேஸ் ஆர்டி என்ற செயலியும் அந்தப் போனில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேமரா திறக்காது, பலர் இந்த இடத்தில்தான் நின்றுபோகிறார்கள். உங்கள் வட்டார வேளாண் அலுவலரும் தன் போனிலிருந்து இதைச் செய்து தர முடியும்.

அடுத்தது வங்கி. பாஸ்புக்கோடு ஆதார் நகல் கொடுத்ததும், அரசுப் பணம் வரும் கணக்காக அது பதிவாவதும் ஒன்றல்ல. இரண்டாவதுக்குத் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் (என்பிசிஐ) பட்டியலில் உங்கள் ஆதார் எந்த வங்கிக்கு நேராக இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஒரு ஆதாருக்கு ஒரு வங்கிதான், கடைசியாக எதில் இணைத்தீர்களோ அதற்குத்தான் பணம் போகும். நகைக்கடனுக்காகவோ மகளிர் குழுவுக்காகவோ புதுக் கணக்கு தொடங்கும்போது கையெழுத்துப் போட்ட படிவங்களில் இந்தச் சம்மதமும் இருந்திருக்கலாம். பணம் அங்கே ஏறிக்கொண்டிருக்க, பழைய பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்த்து ‘வரவில்லை’ என்று அலைபவர்கள் நிறைய. ஆதார் இணையதளத்தில் ‘வங்கி இணைப்பு நிலை’ என்ற இடத்தில் வங்கியின் பெயரே தெரியும். இணைப்பே இல்லையென்றால் கிளையில் ‘ஆதார் சீடிங், டிபிடி பணத்துக்கு’ என்று எழுதிக் கேளுங்கள் (டிபிடி என்பது அரசு நேரடியாகக் கணக்கில் போடும் பணம்). ‘ஆதார் லிங்க்’ என்று மட்டும் கேட்டால் ஏற்கெனவே ஆகியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

அதிகம் பேரை அழவைப்பது நிலம்தான். நிலம் உங்கள் அனுபவத்தில் இருந்தால் மட்டும் போதாது, பட்டாவில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். தாத்தா பேரில் பட்டா, மூன்று பிள்ளைகள் பிரித்து உழுகிறார்கள் என்றால் மூவருக்கும் இல்லை. வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பெயர் மாற்றிய பிறகே விண்ணப்பிக்க முடியும். குறைந்தபட்சம் கூட்டுப் பட்டாவிலாவது பெயர் ஏற வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு நிலம் உங்கள் பேருக்கு வந்திருந்தால் தகுதி இல்லை என்பது விதி. உரிமையாளர் இறந்து வாரிசாக வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு. அப்பா உயிரோடு இருக்கும்போதே அன்போடு எழுதிக்கொடுத்த செட்டில்மென்ட், தானப் பத்திரம் எல்லாம் இந்த விலக்கில் வராது. இப்படிப்பட்ட கணக்குகளையும், கணவன் மனைவி இருவரும் வாங்கும் கணக்குகளையும் நேரில் சரிபார்க்கும்வரை நிறுத்திவைக்கிறார்கள். கணவன், மனைவி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சேர்ந்து ஒரே குடும்பம், அதில் ஒருவருக்குத்தான் பணம்.

குத்தகைக்கு உழுபவருக்கும் கோயில் நிலத்தில் தலைமுறையாகப் பயிர் செய்பவருக்கும் இந்தப் பணம் கிடையாது. வயலில் இறங்குபவரை விட்டுவிட்டு ஆவணத்தில் இருப்பவருக்குக் கொடுக்கும் ஏற்பாடு இது. அது மாற வேண்டும். ஆனால் இன்றைய நிலையில் ‘வாங்கித் தருகிறேன்’ என்று சொல்லும் தரகரிடம் ஏமாறாதீர்கள். 2020-இல் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி பகுதிகளில் தகுதியில்லாத பெயர்களை இடைத்தரகர்கள் ஏற்றினார்கள். கடைசியில் பெயர் கொடுத்தவர்களிடம்தான் பணத்தைத் திருப்பி வாங்கினார்கள்.

வருமான வரி விஷயத்திலும் கவனம். கடந்த மதிப்பீட்டு ஆண்டில் வரி கட்டியவருக்குத்தான் தகுதி இல்லை, ரிட்டர்ன் மட்டும் தாக்கல் செய்தவருக்கு அல்ல. வண்டிக் கடனுக்காக வருமானத்தைக் கூட்டிக் காட்டிக் கொஞ்சம் வரி கட்டினாலும் தவணை போய்விடும்.

இப்போது உழவர் தனித்துவ அடையாள எண் என்று, விவசாயியின் ஆதாரையும் நிலத்தையும் சேர்த்துப் பதியும் எண் ஒன்று வந்திருக்கிறது. பதிவுக்குப் பணம் கிடையாது. ஆதார், பட்டா, ஆதாரோடு இணைந்த செல்போன் மூன்றும் வேண்டும். ஆதாரைச் சரிபார்க்கும்போது ஓடிபி வரும், முடிவில் மின் கையெழுத்துக்கும் வரும். போனை மகன் திருப்பூருக்கு எடுத்துப் போயிருந்தால் அவன் ஊருக்கு வரும் நாளில் போங்கள், தொலைபேசியில் சொல்லி வாங்குவதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடும். பட்டாவில் ‘கோவிந்தன் மகன் முருகேசன்’, ஆதாரில் ‘முருகேசன் கோ’ என்று இருந்தால் கணினி இரண்டும் ஒருவர்தான் என்று ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அப்போது விண்ணப்பம் சரிபார்ப்புக்குப் போய்க் காத்திருக்கும். கடைசியில் பதிவு செய்யும் ஆபரேட்டர் கொடுப்பது பதிவு எண்தான், அடையாள எண் ஒப்புதலுக்குப் பிறகே வரும். இன்னொன்று: அவசரத்தில் ஒரு சர்வே எண்ணை மட்டும் ஏற்றி முடித்துவிடுவார்கள். மேட்டுக்காடு, கிணற்றுப் பங்கு, அடுத்த கிராமத்து நிலம் எல்லாம் சேர்ந்ததா என்று திரையில் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே மின் கையெழுத்துக்கு ஓடிபி சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் ‘பி.எம். கிசான்’ என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்பை (போனில் செயலியை ஏற்றும் கோப்பு) தொடவே தொடாதீர்கள். போனில் ஏறினால் வங்கிக் கணக்கு காலியாகும். துறையிலிருந்து யாரும் போனில் ஓடிபி கேட்பதில்லை.

நில இணைப்புக்கு ‘இல்லை’ என்று இருந்தால் புதுப் பட்டா நகல், ஆதார், நிலைப் பக்கத்தின் பிரின்ட் மூன்றையும் வைத்து வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் பெயருக்கு மனு கொடுங்கள். தோட்டப் பயிர் வைத்திருப்பவர்கள் தோட்டக்கலை ஆபீசில் கொடுக்கலாம். நகலில் தேதியும் முத்திரையும் வாங்காமல் திரும்பாதீர்கள். ஒரு மாதத்தில் அசையவில்லையென்றால் அந்த நகலோடு கலெக்டர் ஆபீசில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். நின்ற தவணைகள் போய்விட்டன என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தகுதியின்மை அல்லாத வேறு காரணத்தால் நின்றவை, குறை சரியானதும் மொத்தமாக வர வேண்டும் என்பது திட்டத்தின் விதியிலேயே இருக்கிறது. மனுவில் எந்தெந்தத் தவணை வரவில்லை என்று மாதத்தோடு எழுதுங்கள்.