அடோபி: கல்லா, மண்ணா?

போன மாதம் ஒரு மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். கலிஃபோர்னியாவில் சியரா நெவாடா மலையின் மேற்கு அடிவாரத்து மண்ணைப் பற்றிய பழைய அறிக்கை. அதில் 'அடோபி' என்று வந்த இடத்திலெல்லாம் மொழிபெயர்த்தவர் 'செங்கல் மண்' என்று போட்டிருந்தார். அகராதியைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார், அகராதியும் பொய் சொல்லவில்லை. ஆனால் நம்மூரில் செங்கல் மண் என்றால் சூளைக்கு லாரியில் ஏற்றிப்போகும் மண். அறிக்கை பேசுவதோ, அப்படியே அள்ளி அறுத்தால் ஒரு கல்கூட உருப்படியாகத் தேறாத மண்ணைப் பற்றி.

அடோபி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஃபோட்டோஷாப் கம்பெனி. அதற்கும் மண்ணோடு தூரத்து உறவு உண்டு. 1982இல் அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஜான் வார்னாக், லாஸ் ஆல்ட்டோஸ் ஊரில் தன் வீட்டுக்குப் பின்னால் ஓடிய அடோபி ஓடையின் பெயரைத்தான் கம்பெனிக்கு வைத்தார். சரி, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

ஆங்கிலம் அதை ஸ்பானிய மொழியிலிருந்து எடுத்தது. அங்கே உச்சரிப்பு ஏறக்குறைய 'அதோபே'. பொருள், வெயிலில் காயவைத்த, சுடாத மண்கல். ஸ்பானியருக்கு அதைக் கொடுத்தவர்கள் அரபியர். அரபியில் 'தூப்' என்றால் செங்கல். எகிப்தில் இன்றைக்கும் கொத்தனார் வாயில் புழங்கும் சொல் அது. அதன் முன்னால் 'அல்' என்ற சுட்டு சேர்ந்தபோது 'அல்-தூப்' என்று நிற்கவில்லை, 'அத்தூப்' ஆகிவிட்டது. நமக்கு இது புதிதல்ல. கல்லும் தூணும் சேர்ந்தால் கற்றூண் ஆகிறதே, அங்கேயும் லகரம் தன் உருவத்தை இழந்து அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அரபியிலேயே உதாரணம் வேண்டுமென்றால் 'அஸ்ஸலாமு அலைக்கும்' இருக்கிறது. அது அல்-ஸலாம்தான். 'அல்ஹம்துலில்லா'வில் மட்டும் 'அல்' முழுசாகக் கேட்கும். எல்லாம் அடுத்து வரும் எழுத்தைப் பொறுத்தது.

இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கை. அந்த அறிக்கை பேசும் மண்ணுக்குக் கொஞ்சம் காரத்தன்மை உண்டு. காரத்துக்கு ஆங்கிலம் சொல்லும் 'ஆல்கலி'யும் அரபிதான், அல்-கலீ. அதில் 'அல்' அப்படியே நிற்கிறது, அடோபியில் கரைந்துபோய்விட்டது. பிலிப்பைன்ஸ்காரர்களின் அடோபோ குழம்புக்கும் இதற்கும் மட்டும் எந்த உறவும் இல்லை. அது ஊறவைப்பதைக் குறிக்கும் வேறொரு வேரிலிருந்து வந்தது.

அரபியருக்கும் இது சொந்தச் சொல் அல்ல. எகிப்தின் காப்டிக் மொழியில் 'தோபே' என்று இருந்ததை எடுத்துக்கொண்டார்கள். காப்டிக் என்பது பழைய எகிப்திய மொழியின் கடைசிப் பருவம். அதற்கும் பின்னால் போனால் சித்திர எழுத்துக் காலத்தில் 'ஜெபெத்' என்று ஏறக்குறைய ஒலிக்கப்பட்டிருக்கக்கூடிய சொல் நிற்கிறது. அதற்கும் பொருள் மண்கல்தான். தீப்ஸ் நகரத்தில் ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறை இருக்கிறது. வயது ஏறத்தாழ 3,450 ஆண்டு. அதன் சுவரோவியத்தில் ஒருவன் குளத்தில் தண்ணீர் மொள்கிறான், வேறு சிலர் மண்வெட்டியால் சேற்றைக் குழைக்கிறார்கள், ஒருவன் குனிந்து மர அச்சில் கல் அறுக்கிறான், அறுத்த கற்கள் பக்கத்தில் வரிசையாகக் காய்கின்றன. நம்மூர்ச் சூளையில் வேலை பார்ப்பவரைக் கூட்டிப்போய் அதன் முன்னால் நிறுத்தினால் அவருக்கு விளக்கமே தேவைப்படாது.

நைல் கரைச் சொல் இப்படி அரபியரோடு ஸ்பெயினுக்கும், ஸ்பானியரோடு அமெரிக்காவுக்கும் போனது. கல் மட்டும் அங்கே முன்பே இருந்தது. பெருவில் சான் சான் என்ற முழு நகரத்தையே ஸ்பானியர் வருவதற்கு வெகுகாலம் முன்பு மண்கல்லால் கட்டியிருந்தார்கள். நியூ மெக்சிகோவின் தாவோஸ் பகுதிப் பூர்வகுடிகள் சேற்றைக் கையால் அடுக்கடுக்காக வைத்தே மாடி வீடு எழுப்பினார்கள். அந்தப் பக்கத்துக்கு ஸ்பானியர் கொண்டுவந்தது மர அச்சையும், அப்புறம் இந்தப் பெயரையும்.

கல்லின் பெயர் மண்ணுக்குத் தாவியது அமெரிக்காவின் தென்மேற்கில்தான். கலிஃபோர்னியாவில் குடியேறியவர்கள் கனமான, ஒட்டுகிற, காய்ந்தால் வெடிக்கிற எந்த மண்ணையும் அடோபி என்றே சொல்லிவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண் ஆய்வாளர்களும் அதை ஏற்றுக்கொண்டு 'ஸ்டாக்டன் களி அடோபி' என்கிற மாதிரி பெயர் வைத்தார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெயரில் களி என்பது மண்ணின் நயத்தை, அதாவது துகள் எவ்வளவு பொடி என்பதைச் சொல்கிறது. அடோபி என்பது அது காயும்போது கட்டி கட்டியாகப் பிளந்து நிற்கும் விதத்தைச் சொல்கிறது. ஆகவே ஆய்வாளர் வாயில் அடோபி என்றால் செங்கல் என்ற நினைப்பே கிடையாது, வெடிப்புதான். நம் மொழிபெயர்ப்பாளர் தவறவிட்டது இதைத்தான்.

மலைச்சரிவில் களிமண் எப்படித் தங்கும் என்று கேட்கத் தோன்றும். மழை வந்தால் அடித்துக்கொண்டு போகாதா? கொஞ்சம் போகும். ஆனால் சாய்வு குறைந்த அடிவாரத்தில், பாறை வகை வாய்த்தால், இருந்த இடத்திலேயே களி உருவாகிக்கொண்டிருக்கும். அந்தச் சியரா நெவாடா அடிவாரத்தில் இருக்கும் போர்ட்டர்வில் ஊர்ப்பக்கம் ஆண்டுக்கு ஏறக்குறைய 300 மி.மீ. மழை, அதுவும் குளிர்காலத்தில் மட்டும். கோடை முழுக்க ஒரு சொட்டு கிடையாது என்றே சொல்லலாம். அங்கே கால்சியமும் மக்னீசியமும் நிறைந்த கரும்பாறை மட்கும்போது, அந்தச் சத்துகளைக் கழுவிக் கொண்டுபோக இந்த மழை போதாது. எல்லாம் அங்கேயே தங்கி ஸ்மெக்டைட் என்ற களியாகக் கூடுகிறது. மிச்சக் கால்சியம் சுண்ணாம்பாகி, மழையீரம் எட்டும் ஆழத்தில் வெள்ளை முண்டுகளாகப் படிகிறது. நாம் சுக்கான்கல் என்று சொல்வது இதைத்தான். அதில் ஒரு சொட்டு அமிலம் விட்டால் நுரைத்துக் கொதிக்கும். மண்ணின் அமில-கார அளவான பி.எச். 8ஐ ஒட்டி நிற்பதற்கு இந்தச் சுண்ணாம்பே காரணம்.

ஸ்மெக்டைட்டை அப்பளக் கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அப்பளமும் ஒரு நானோமீட்டர் தடிமன். தண்ணீர் பட்டால் ஒவ்வொன்றின் இடுக்கிலும் புகுந்து கட்டே உப்பிவிடும், காய்ந்தால் சுருங்கிவிடும். எடையில் பாதியளவு இப்படிப்பட்ட களியாக இருக்கும் மண் என்ன பாடுபடும்? ஈரத்தில் செருப்பை இழுத்துக்கொள்ளும். ஒரு பிடி எடுத்து உருட்டினால் முறுக்கு மாதிரி நீளமாக வரும், உடையாது. கோடையில் போய்ப் பார்த்தால் கடப்பாரை இறங்காது, ஆனால் வெடிப்புக்குள் கையே இறங்கும். இரண்டுக்கும் நடுவில் உழவுக்குப் பதமான நாள் சில நாள்தான். கோவில்பட்டிக் கரிசலில் ஏர் ஓட்டியவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மேல்மண் உதிர்ந்து வெடிப்புக்குள் விழும். அடுத்த மழையில் அடிமண் உப்ப இடமில்லாமல் மேலே தள்ளிக்கொண்டு வரும். இப்படித் தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண்ணை மண்ணியலார் 'வெர்ட்டிசால்' என்கிறார்கள், புரட்டுவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து. சரிவில் இன்னொன்றும் நடக்கிறது. உப்பும்போது மண் சரிவுக்கு நேர்குத்தாக வெளியே தள்ளும், சுருங்கும்போது கீழ்நோக்கி உட்காரும். ஒவ்வொரு மழைக்கும் கோடைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மலையே கீழே நகர்கிற மாதிரி. அங்கே நட்ட வேலிக்கம்பம் சில ஆண்டில் பள்ளத்துப் பக்கம் சாய்ந்து நிற்கும்.

தமிழுக்கு வருவோம். இரண்டு பொருள் இருப்பதால் இரண்டு சொல் வேண்டும், ஒன்றை வைத்து ஒப்பேற்றக் கூடாது.

கல்லுக்கு, சூளையில் சொல்லும் பச்சைக்கல் இருக்கிறது. சுடுவதற்கு முன் அடுக்கி வைத்திருப்பது அதுதான். குறை என்னவென்றால், 'பச்சைக்கல்' என்று தனியாக எழுதினால் நகைக்கடை மோதிரம் நினைவுக்கு வரும். 'பச்சைச் செங்கல்' என்றாலோ பச்சையும் சிவப்பும் ஒன்றோடொன்று சண்டை போடும். சுடாத மண்ணுக்கு வள்ளுவர் 'பசுமண்' என்கிறார். வஞ்சகத்தால் சேர்த்த பொருள் பசுமண் கலத்தில் ஊற்றிய நீர் என்பது 660ஆவது குறள். அந்த வழியில் பசுமண்கல் என்றால் குழப்பமே இல்லை. பேச்சில் பச்சைக்கல், எழுத்தில் பசுமண்கல் என்று நான் வைத்துக்கொண்டேன்.

மண்ணுக்குத்தான் சிக்கல். களிமண் என்றால் பானை வனையும் மண்ணும் அதில் அடங்கிவிடும். கரிசல் குணத்தில் மிக நெருக்கம், ஆனால் பெயரிலேயே கருமை இருக்கிறது. போர்ட்டர்வில் களியோ கருஞ்சிவப்புக் கலந்த பழுப்பு. களர் என்று எழுதுபவர்களும் உண்டு. இது கூடவே கூடாது. களரில் சோடியம் ஆட்சி செய்யும், பி.எச். 8.5ஐத் தாண்டும், ஜிப்சம் போட்டுத் திருத்தாமல் பயிர் வராது. அடோபியில் ஆட்சி கால்சியத்துடையது, அந்த அடிவாரத்தில் ஆரஞ்சுத் தோப்பு போட்டிருக்கிறார்கள். 'கார மண்' என்பது வேதியியல்படி சரி. என்றாலும் படிப்பவருக்கு நாக்கில் மிளகாய் எரியும்.

நிலம் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது என்கிறோம் அல்லவா? தங்கத்தைப் பாளமாக வார்ப்பதும் இதே சொல்தான். கட்டி என்ற பொருளும் வெடிப்பு என்ற காட்சியும் அதில் சேர்ந்தே இருக்கின்றன, அடோபியில் இருப்பது போலவே. ஆகவே 'பாளக்களி' என்று வைத்தேன். அகராதியில் தேடினால் கிடைக்காது, நான் கட்டியதுதான்.

நல்ல மண்கல்லுக்குக் களி காற்பங்கு இருந்தாலே தாராளம், மிச்சம் மணலும் வண்டலும், பிடிப்புக்குக் கொஞ்சம் வைக்கோல். பாதிக்குப் பாதி களி இருக்கும் பாளக்களியில் அறுத்த கல், காயும்போதே நிலத்தைப் போலக் கீறிப் பிளந்துவிடும். மணல் கலந்தால்தான் ஆகும். கல்லின் பெயரைத் தாங்கிய மண் கல்லுக்கு உதவாத இந்தக் கூத்தைச் சொன்ன பிறகுதான் மொழிபெயர்த்தவர் 'செங்கல் மண்'ணை விட்டுக்கொடுத்தார். அந்த வரி இப்போது இப்படி நிற்கிறது: "அடிவாரச் சரிவுகளில் கருஞ்சிவப்புப் பாளக்களி, மேல்மண் கோடையில் ஆழமாக வெடிக்கும், அடியில் சுக்கான்கல்." ஓடைக்கு மட்டும் அடோபி ஓடை என்றே விட்டுவிட்டோம்.