வெள்ளியங்கிரி: இறங்குவதற்கும் சேர்த்துப் பை கட்டுங்கள்

மலையேறும் சீசன் தொடங்கிவிட்டால், திங்கட்கிழமை காலையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருபவர்களிடம் டாக்டரான நான் கேட்கும் முதல் கேள்வி, "வெள்ளியங்கிரி போனீங்களா?" என்பதுதான். கோவைக்கு அருகே, அடிவாரத்தில் இருக்கும் பூண்டியிலிருந்து சிவனைக் கும்பிடும் ஏழாவது மலைக்கு ஒரு வழி சுமார் 6 கிலோமீட்டர். ஒரே நாளில் ஏறி இறங்கிவிடலாம் என்று முதல்முறை போகிறவர்களும் கிளம்பிவிடுகிறார்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், அது எல்லோருக்கும் தெரியும். கால் மாட்டிக்கொள்வது இறங்கும்போது.

ஒரு தம்பிக்கு இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்து, அடியில் ரத்தம் கட்டியிருந்தது. முந்தின நாள் வாங்கிய ஷூ, வெட்டாத நகம். ஒவ்வொரு படி இறங்கும்போதும் விரல் ஷூ முனையில் போய் இடித்திருக்கிறது. இரண்டு நாள் முன்பே நகத்தை வெட்டிவிடுங்கள், காலுக்குப் பழகிய ஷூவைப் போடுங்கள். அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்காமல் ஏறாதீர்கள். இறங்கும்போது முட்டி தாங்கும் பாரத்தில் கொஞ்சத்தை அது வாங்கிக்கொள்ளும். ஒரு கை தடிக்குப் போய்விடுவதால், இருட்டில் நடக்க செல்போன் வெளிச்சம் சரிப்படாது. தலையில் மாட்டும் டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் 2 லிட்டராவது வேண்டும். "ஓ.ஆர்.எஸ். (உப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொடி) குடிச்சேன் டாக்டர், அப்புறமும் வாந்தி" என்பார்கள். எப்படிக் கலந்தீர்கள் என்று கேட்டால், அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பாக்கெட்! பெரிய பாக்கெட் 1 லிட்டர் தண்ணீருக்கானது. கெட்டியாகக் கலந்தால் குமட்டும், தாகம் இன்னும் கூடும். 200 மில்லிக்கான சிறிய பாக்கெட்டும் கிடைக்கிறது, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைப் படித்துவிட்டுக் கலக்குங்கள். வியர்த்துக் கொட்டும்போது வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தாலும் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, குழப்பம் வரலாம். உப்புக்கடலை, புளிசாதம் என்று ஏதாவது பையில் இருக்கட்டும்.

ஆறாவது மலையில் இருக்கும் ஆண்டி சுனையில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு ஏழாவது மலை ஏறுகிறவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கும். மேலே காற்று பலமாக அடிக்கும், ஈரத்துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். தண்ணீர் புகாத பையில் வைத்த ஒரு செட் காய்ந்த துணி, ஒரு ஸ்வெட்டர் அவசியம்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், அன்றைய டோஸ் பற்றி டாக்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். குளுக்கோஸைப் பைக்குள் புதைக்காமல் கைக்கு எட்டும்படி வையுங்கள். இதயத் தொந்தரவு இருப்பவர்கள் பரிசோதனை செய்யாமல் கிளம்பவே வேண்டாம். வழியில் நெஞ்சு இறுக்கினால் வாயு என்று ஓமவாட்டர் தேடாதீர்கள். அங்கேயே உட்காருங்கள், கூட வந்தவரிடம் உடனே சொல்லி வனத்துறை ஊழியரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.