கருவாட்டுக் குழம்பும் ஓர் ஈசிஜியும்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள என் கிளினிக்குக்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு மகள் கொண்டுவந்த மருத்துவமனைச் சீட்டு, ரேஷன் அட்டைக்குப் போடும் பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடிந்திருந்தது. இரவு 2.10 மணி என்ற நேரம், ரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, 'கேஸ்ட்ரைடிஸ்' (இரைப்பை அழற்சி) என்ற ஒற்றைச் சொல், அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் ஊசி, வீட்டுக்கு அனுப்பலாம் என்ற குறிப்பு, கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. சர்க்கரை அளவு எழுதப்படவில்லை. ஈசிஜி எடுத்ததற்கான குறிப்பும் இல்லை.

அவருடைய அம்மாவுக்கு 67 வயது. காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்றவர். 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர். அன்று இரவு தூக்கத்திலிருந்து எழுந்து, "நெஞ்சு கரிக்குது, ஒரு மாதிரியா இருக்குடி" என்றிருக்கிறார். மகள் கவனித்தது வேறொன்று: ரவிக்கையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் அளவுக்கு வியர்வை. ஆட்டோ பிடித்து அருகிலிருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார்கள். "சார், அம்மாவுக்குச் சுகர் இருக்கு, என்னைக்கும் இப்படி வேர்த்ததில்ல" என்று மகள் தொடங்கியபோது, ராத்திரி என்ன சாப்பிட்டார்கள் என்று பணி மருத்துவர் கேட்டார். கருவாட்டுக் குழம்பு என்ற பதிலோடு விசாரணை முடிந்துவிட்டது. ஊசி போட்டார்கள், எரிச்சல் சற்றுக் குறைந்தது, அனுப்பிவிட்டார்கள். மறுபடி வாய் திறந்த மகளை, "அட்டெண்டர் வெளியே நில்லுங்க" என்று செவிலியர் நிறுத்திவிட்டார்.

காலை 7 மணிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து வேறொரு மருத்துவமனையை அடைந்தபோது, முதல் ஈசிஜியிலேயே மாரடைப்பு தெரிந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் எக்கோ ஸ்கேனில் இதயம் ரத்தத்தை வெளியேற்றும் திறன் 35 சதவீதம் என்று வந்தது, 55-க்கு மேல் இருக்க வேண்டியது அது. வாரியக் குடியிருப்பின் இரண்டாவது மாடிக்கு ஏறும்போது, முதல் மாடித் திருப்பத்தில் அவருக்காகவே ஒரு முக்காலி போட்டு வைத்திருக்கிறார்களாம்.

நீண்ட காலம் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு நரம்புகள் பாதிக்கப்படுவதால், மாரடைப்பு வலியே இல்லாமல் வரலாம். வியர்வை, மூச்சிரைப்பு, மேல்வயிற்று எரிச்சல், காரணமற்ற சோர்வு ஆகியவையே அறிகுறிகளாக நின்றுவிடலாம். இதயத்தின் அடிப்பகுதி வயிற்றுக்கு மேலுள்ள உதரவிதானத்தின்மீது அமர்ந்திருப்பதால், அங்கே அடைப்பு ஏற்பட்டால் அது வாயுத் தொல்லை போலவே தோன்றும். கேஸ் ஊசி போட்டதும் சுகமானது என்பது இதயத்தில் கோளாறு இல்லை என்பதற்குச் சான்றே அல்ல. இத்தகைய அறிகுறிகளோடு வருபவருக்கு, வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் நடைமுறை. முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் சந்தேகம் தீராதபோது அதைத் திரும்ப எடுத்து, இதயத் தசை சேதமடைந்ததா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேர இடைவெளியில் இரு முறை பார்க்க வேண்டும்.

நானும் பயிற்சிக் காலத்தில் அவசரப் பிரிவில் இரவுப் பணி பார்த்தவன். ஒரே மருத்துவர் முப்பது பேரைப் பார்க்கும் இரவில் தவறு நேரும் என்பதை அறிவேன். ஆனால் அந்த இரவில் அங்கே நான்கு பேர்தான் இருந்தார்கள் என்கிறார் மகள். ஈசிஜிக்கு ஐந்து நிமிடம் போதும். அன்று குறைந்துபோனது ஆளோ கருவியோ அல்ல, காது. அம்மாவை 38 ஆண்டுகளாகப் பார்த்துவரும் ஒருவர் "இது வழக்கமான வியர்வை இல்லை" என்று சொல்வதை நான் ஒரு பரிசோதனை முடிவுக்குச் சமமாகவே எடுத்துக்கொள்வேன்.

எனவே துணைக்குப் போகிறவர்கள் முதல் வாக்கியத்திலேயே நேரத்தையும் நோயையும் சொல்லிவிடுங்கள்: "1.40-க்கு ஆரம்பிச்சது, உடம்பு முழுக்க வேர்த்தது, 15 வருஷமா சுகர், இந்த மாத்திரைங்க சாப்பிடறாங்க, ஈசிஜி எடுங்க." என்ன சாப்பிட்டார் என்பதைக் கேட்டால் மட்டும் சொன்னால் போதும். ஈசிஜி வேண்டாம் என்றால், சண்டை போடாமல், "தேவையில்லைன்னு சீட்டுல எழுதிக் கொடுத்துடுங்க" என்று கேளுங்கள். நானறிந்தவரை, அப்படி எழுத யாருக்கும் கை வருவதில்லை, கருவி உருண்டு வந்துவிடும். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக நன்னடத்தை விதிகள் சொல்கின்றன.

அந்த மகள் இரண்டாவது மருத்துவமனையின் ஈசிஜியையும் கொண்டுவந்திருந்தார். வெப்பத்தில் பதியும் தாள் அது. நம் ஊர்ச் சூட்டில் பீரோ மேல் கிடந்து பாதிக் கோடுகள் வெளிறிப்போயிருந்தன. மீதி மறைவதற்குள் அங்கேயே, என் மேசைமேல் விரித்து, அவருடைய போனில் படம் எடுக்கச் சொன்னேன்.